பழைய வாழ்க்கை வரலாறு தேடும்போது எங்கே சறுக்குகிறோம்?

தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியில் விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா நினைவிடத்தைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு அவர் வாழ்க்கையைப் படிக்கும் ஆசை வரும். நேரே நூலகம் போய் 'தர்மபுரி' என்று தேடுவார்கள். பெரிதாக ஒன்றும் அகப்படாது. சிவா மறைந்த 1925இல் தர்மபுரி மாவட்டமே கிடையாது. 1965 வரை இந்தப் பக்கம் முழுக்க சேலம் ஜில்லா. கிருஷ்ணகிரி பிரிந்ததோ 2004இல்தான். இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜியைத் தேடினாலும் 'சேலம் ஜில்லா, ஓசூர் தாலுகா' என்று தேடிப் பாருங்கள். இன்னும் பின்னால் போனால் இந்தப் பக்கத்துக்குப் பெயர் 'பாராமகால்'. 1792இல் திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்த இந்தச் சீமையில் வேலை பார்த்த ஆங்கிலேய அதிகாரி தாமஸ் மன்றோவின் சரித்திரத்தில் நம் ஊர்கள் அந்தப் பெயருக்குள்தான் ஒளிந்திருக்கும்.

அடுத்து, வருடக் கணக்கு. பழைய நூல்களில் 'குரோதன வருஷம்' என்று மட்டும் அச்சிட்டிருப்பார்கள். அது 1925-26, ஆனால் 1865-66உம் அதே குரோதனதான், 1985-86உம் அதேதான். அறுபது வருடம் முன்னே பின்னே போய்விட்டால் தாத்தா பேரனாகிவிடுவார். விலையைப் பாருங்கள்: அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957க்கு முந்தையது, பைசாவில் இருந்தால் அதற்குப் பிந்தையது. தும்பிக்கை போல வளைந்த பழைய 'னை', 'லை' எழுத்துகளை மட்டும் வைத்து வருடத்தை முடிவு செய்ய வேண்டாம். 1978இல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்த பிறகும் பல அச்சகங்கள் பழைய எழுத்தையே ஓட்டின.

மறுபதிப்பு கடையில் கிடைக்கும்போதே பழைய பிரதிக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். முதல் பதிப்பு மோகம், என்ன செய்வது! படிப்பதுதான் நோக்கம் என்றால், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தை முதலில் புரட்டுங்கள். சென்னை போனால் ரோஜா முத்தையா நூலகம்.

நாயகனுக்குக் கோபமே வராத, கடனே இல்லாத வாழ்க்கை வரலாற்றை மட்டும் படித்துவிட்டு நிறுத்துவதும் தவறுதான். அவரோடு ஒத்துப்போகாத ஒருவர் எழுதியதையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் ஆள் தெரிவார்.

கிழிந்த பக்கத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். சில வருடங்களில் பழுப்பேறித் தாளையும் கெடுக்கும். ராமபாணப் பூச்சிக்குப் பயந்து பாலிதீன் பையில் இறுக்கிக் கட்டினால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

பழைய பேப்பர் கடையில் ஆசைப்பட்ட புத்தகத்தை மட்டும் தனியே உருவி நீட்டாதீர்கள். நாலு பழைய வாரப் பத்திரிகையோடு சேர்த்து எடை போடச் சொல்லுங்கள். உங்கள் முகம் மலர்ந்ததைக் கடைக்காரர் பார்த்துவிட்டால் கிலோ கணக்கு அத்தோடு முடிந்தது.