மதிப்பெண் வருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்

ஞாயிறு பள்ளி, வாலிபர் கூடுகை நடத்துகிறவர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு சின்ன யோசனை. "நீ தேவனுக்கு அருமையானவன்" என்பதைப் பிள்ளை தோற்றபிறகு சொன்னால் அது வெறும் ஆறுதலாகத்தான் காதில் விழும். தேர்வு முடிவு வருவதற்கு முந்தின நாளே சொல்லுங்கள்.

மத்தேயு 3-ஆம் அதிகாரத்தைச் சேர்ந்து வாசிக்கலாம். இயேசு ஞானஸ்நானம் பெற்றுக் கரையேறும்போது, "இவர் என்னுடைய நேசகுமாரன்" என்று பிதாவின் சத்தம் கேட்கிறது. அதுவரை அவர் பிரசங்கித்ததாகவோ அற்புதம் செய்ததாகவோ மத்தேயு எதையும் எழுதவில்லை. அன்பு முதலில், வேலை அப்புறம். அடுத்த அதிகாரத்திலேயே சோதனைக்காரன், "நீர் தேவனுடைய குமாரனேயானால்" என்று அந்த அடையாளத்தின் மேல்தான் கைவைக்கிறான். நண்பர்களின் கேலி, போட்டோவுக்கு விழாத லைக், கைவிட்டுப்போன முதலிடம் எல்லாம் நம் பிள்ளைகளிடம் அதே கேள்வியைத்தான் கேட்கின்றன. இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள், அவர்களைப் பேசவிடுங்கள்.

பிறகு ஒரு அட்டையில், "நீ என் பார்வைக்கு அருமையானபடியினால்" என்று தொடங்கும் ஏசாயா 43:4-ஐ அவர்கள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். வசனத்துக்கு முன்னால் அவரவர் பெயர் வரட்டும். அது பாடப்புத்தகத்துக்குள் இருக்கட்டும்.

இன்னொன்று, இதை மறக்கவே வேண்டாம்: பிள்ளை அழுதால் உடனே வசனம் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். பல நாள் சாப்பிடாமல், தூங்காமல் ஒதுங்கியே இருந்தால் ஜெபத்தோடு மனநல ஆலோசகரிடமும் அழைத்துப் போங்கள், அது விசுவாசக் குறைவு அல்ல.