விடுமுறை விமான நிறுவனத்தின் வளர்ச்சியைக் கணக்குப் பார்ப்பது எப்படி?

ஒரு விமான நிறுவனம் வளர்கிறது என்று செய்தி வரும்போது விமானங்களின் எண்ணிக்கை, ஊர்களின் எண்ணிக்கை, பயணிகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் முன்னால் வைக்கப்படுகின்றன. அலுவல் நிமித்தமாக ஆண்டு முழுவதும் பறப்பவர்களை நம்பி நடக்கும் நிறுவனத்துக்கு இவை ஓரளவு போதும். ஆனால் விடுமுறைக்குச் செல்லும் குடும்பங்களை மட்டுமே நம்பிக் குறைந்த கட்டணத்தில் நடக்கும் நிறுவனத்தைப் பொறுத்தவரை, இந்த மூன்றும் சேர்ந்தே ஏறிக்கொண்டிருக்கும்போது நிறுவனம் உள்ளுக்குள் பலவீனமடைந்துகொண்டிருக்கவும் கூடும். பங்கு வாங்க நினைப்பவரும், மேலாண்மை பயிலும் மாணவரும், இத்துறையில் வேலை தேடுபவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: விமானம் பறக்காமல் தரையில் நிற்கும் நாளில் நிறுவனத்துக்கு என்ன செலவாகிறது? அமெரிக்காவின் அலீஜியன்ட் ஏர் நிறுவனத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கேள்விக்கு விடை காணும் முறையை இங்கே விளக்குகிறேன்.

அலீஜியன்ட் 1997இல் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் தொடங்கப்பட்டு, 2000 டிசம்பரில் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றத்துக்குச் சென்ற சிறு நிறுவனம். 2001இல் அதன் பொறுப்பை ஏற்ற மாரிஸ் காலகர் அதை லாஸ் வேகாஸுக்கு மாற்றி, நேரடி விமான வசதியே இல்லாத சிறு நகரங்களிலிருந்து சூதாட்ட விடுதிகளுக்கும் கடற்கரைகளுக்கும் வாரம் சில முறை மட்டும் பறக்கும் நிறுவனமாக ஆக்கினார். 2006 டிசம்பரில் அது பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. அதனால் இருபது ஆண்டுக்கான கணக்குகள் எவரும் படிக்கக்கூடிய நிலையில் இருக்கின்றன.

விமானம் எப்படி வந்தது என்று பாருங்கள்

ஆண்டறிக்கையை எடுத்தவுடன், லாப நட்டக் கணக்குக்குச் செல்லும் முன், விமானங்களின் வயது, வகை, சொந்தமா குத்தகையா என்ற விவரங்கள் உள்ள அட்டவணையைத் தேடுங்கள். பிறகு தேய்மானம் (விமானத்தின் விலையை அது பயன்படும் ஆண்டுகளுக்குப் பங்கிட்டு எழுதும் செலவு), கடன் வட்டி, குத்தகை வாடகை ஆகிய மூன்றையும் கூட்டி, விமானங்களின் எண்ணிக்கையால் வகுத்து, அதை 365ஆல் வகுத்தால், ஒரு விமானம் சும்மா நின்றாலும் நாளொன்றுக்கு ஆகும் செலவு தோராயமாகக் கிடைத்துவிடும். இதில் கட்டடம், கணினி போன்றவற்றின் தேய்மானமும் கலந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒரே நிறுவனத்தை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுவதற்கு அது தடையாகாது.

கணக்கு புரிவதற்காக இரண்டு கற்பனை விமானங்களை எடுத்துக்கொள்வோம். 60 லட்சம் டாலருக்கு வாங்கிய பழைய விமானத்தைப் பத்து ஆண்டில் கழித்து, 6 விழுக்காடு வட்டியும் சேர்த்தால், நாளொன்றுக்குச் சுமார் 2,600 டாலர் ஆகிறது. 5 கோடி டாலருக்கு வாங்கிய புதிய விமானத்தை இருபத்தைந்து ஆண்டில் கழித்து, அதே வட்டியைச் சேர்த்தால் சுமார் 13,700 டாலர் ஆகிறது. அதாவது புதிய விமானம் சும்மா நிற்கும் ஒவ்வொரு நாளும் ஐந்து மடங்குக்கு மேல் கடிக்கிறது.

அலீஜியன்ட் தன் முதல் பதினைந்து ஆண்டுகளைக் கட்டியெழுப்பியது இந்த வேறுபாட்டின் மீதுதான். மற்ற நிறுவனங்கள் கைவிட்ட எம்டி-80 வகை விமானங்களை ஒவ்வொன்றும் சில மில்லியன் டாலருக்கு அது வாங்கியது. அவை எரிபொருளை அதிகம் குடிப்பவை, இரைச்சல் மிக்கவை. ஆனால் நின்றால் செலவு மிகக் குறைவு. சொந்தப் பணத்தில் கட்டிய கல்யாண மண்டபத்துக்காரர் முகூர்த்த நாள்களில் சம்பாதித்துவிட்டு ஆடி மாதத்தில் கதவைச் சாத்திவிட்டு நிம்மதியாக இருப்பார். வங்கிக் கடனில் கட்டியவரோ ஆடியிலும் கண்காட்சிக்கும் தள்ளுபடி விற்பனைக்கும் ஆள் தேடி அலைவார். விடுமுறை விமானத் தொழிலில் இந்த இரண்டு வகையினரும் உண்டு, வெளியிலிருந்து பார்த்தால் இருவர் மண்டபமும் ஒன்றுபோலவே தெரியும்.

நாள்காட்டியைப் படியுங்கள்

அடுத்ததாக, நிறுவனத்தின் இணையதளத்தில் ஏதேனும் ஒரு வழித்தடத்தைத் தேர்ந்து, எந்தெந்தக் கிழமைகளில் பறக்கிறது என்று பாருங்கள். அலீஜியன்ட்டின் பல தடங்களில் வியாழனும் ஞாயிறும், அல்லது வெள்ளியும் திங்களும் மட்டுமே விமானம் இருக்கும். செவ்வாய், புதன்கிழமைகளில் விமானங்களில் பெரும்பகுதி தரையில் நிற்கும். அதேபோல மார்ச் மாதப் பள்ளி விடுமுறையிலும் கோடையிலும் நிறைய பறந்துவிட்டு, செப்டம்பரில் சுருங்கிவிடும். எம்டி-80 காலத்தில் அதன் விமானங்கள் நாளொன்றுக்குச் சராசரியாக ஆறேழு மணி நேரமே பறந்தன. மற்ற குறைந்த கட்டண நிறுவனங்களில் பதினொன்று, பன்னிரண்டு மணி நேரம் பறப்பது வழக்கம். நம் ஊரில் பலருக்குப் பழக்கமான இண்டிகோ இதற்கு நேர் எதிர்: புதிய விமானங்களைப் பெருந்தொகையாக ஆர்டர் செய்து, விற்றுக் குத்தகைக்குத் திரும்ப எடுத்து, ஓய்வின்றிப் பறக்க வைத்தே அது வளர்ந்தது. ஆகவே, குறைந்த கட்டணம் என்ற ஒரே பெயரின் கீழ் இரண்டையும் வைத்து ஒப்பிடுபவர்களின் கட்டுரைகளை நான் சந்தேகத்துடனேயே படிக்கிறேன்.

இந்த முறையின் வலிமை 2008இல் தெரிந்தது. அவ்வாண்டு ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் ஒன்றுக்கு 147 டாலரைத் தொட்டது. ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் 2007 மே மாதம் தொடங்கிய ஸ்கைபஸ் என்ற நிறுவனம், ஒவ்வொரு விமானத்திலும் குறைந்தது பத்து இருக்கைகளைப் பத்து டாலருக்கு விற்றுப் பெரும் பரபரப்பை ஏற்படுத்தியிருந்தது; 65 புதிய ஏ319 விமானங்களுக்கு ஆர்டரும் கொடுத்திருந்தது. எண்ணெய் விலை உச்சத்தைத் தொடும் முன்பே, 2008 ஏப்ரல் தொடக்கத்தில் அது மூடப்பட்டது. எரிபொருளை அதிகம் குடிக்கும் விமானங்களை வைத்திருந்த அலீஜியன்ட் அல்லவா முதலில் விழுந்திருக்க வேண்டும்? அது நட்டம் தரும் பயணங்களை வெட்டிவிட்டு விமானங்களை நிறுத்திவைத்தது. அந்த ஆண்டை லாபத்துடனேயே முடித்தது. எரிபொருள் திறன் என்ற ஒற்றை அளவுகோலை வைத்து அன்று இந்த இரு நிறுவனங்களையும் ஒப்பிட்டவர் தலைகீழான முடிவுக்கே வந்திருப்பார்.

தடங்களை எண்ணாதீர்கள், போட்டியை எண்ணுங்கள்

புதிதாக நாற்பது தடங்கள் தொடங்குகிறோம் என்ற அறிவிப்பு விடுமுறை நிறுவனத்தைப் பொறுத்தவரை பெரிய செய்தியன்று. வாரம் இருமுறை மட்டும் பறக்கும் தடத்தைத் தொடங்குவதும் எளிது, கைவிடுவதும் எளிது. அந்தத் தடத்தில் வேறொருவர் நேரடியாகப் பறக்கிறாரா என்பதுதான் முக்கியம். அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் புள்ளியியல் பிரிவு டி-100 என்ற பெயரில் மாதந்தோறும் தடவாரியாக இருக்கைகளையும் பயணிகளையும் இலவசமாக வெளியிடுகிறது. அதில் நிறுவனத்தின் தடங்களை வடிகட்டி, அதே இரு ஊர்களுக்கிடையே பிற நிறுவனங்களின் பெயர் வருகிறதா என்று பார்த்தால் போதும். அலீஜியன்ட்டின் தடங்களில் ஏறக்குறைய முக்கால் பங்கில் நேரடிப் போட்டி இருந்ததில்லை. இந்த விகிதம் சரியத் தொடங்கினால், கட்டணம் சரிவதும் வெகுதூரத்தில் இல்லை என்று கொள்ளலாம்.

விமான நிலையங்களின் பெயர்களையும் கவனியுங்கள். ஆர்லாண்டோவின் பெரிய நிலையத்துக்குப் பதிலாக சான்ஃபர்ட், டாம்பாவுக்குப் பதிலாக செயின்ட் பீட்–கிளியர்வாட்டர், ஃபீனிக்ஸுக்குப் பதிலாக மெசா என்று செலவு குறைந்த இரண்டாம்நிலை நிலையங்களையே அது தேர்ந்துகொண்டது. கனடா எல்லையை ஒட்டிய பெல்லிங்ஹாம், பிளாட்ஸ்பர்க் ஆகிய சிற்றூர்களில் அதற்குக் கிடைத்த கூட்டம் இன்னொரு பாடம்: அங்கே பயணிகளில் பலர் வான்கூவரிலிருந்தும் மான்ட்ரியாலிலிருந்தும் காரில் வந்த கனடியர்கள். எனவே 2014க்குப் பின் கனடா டாலரின் மதிப்பு வீழ்ந்தபோது, அந்த ஊர்களில் எதுவுமே மாறாமலேயே பயணிகள் குறைந்தார்கள். சிறு நகரத்துக் கூட்டம் உண்மையில் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் எந்தத் தடத்தையும் மதிப்பிடக் கூடாது.

கட்டணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கைப்பை, இருக்கைத் தேர்வு, வாடகைக் கார், விடுதி அறை ஆகியவற்றிலிருந்து ஒரு பயணியிடம் கிடைப்பதை ஆண்டறிக்கை தனி வரியில் தரும். அலீஜியன்ட்டில் பயணி செலுத்தும் மொத்தத் தொகையில் ஏறக்குறைய பாதி இந்தக் கூடுதல் வரவுதான். டிக்கெட் விலை குறைந்தது என்ற தலைப்புச் செய்தியை மட்டும் பார்த்து முடிவுக்கு வராமல் இரண்டையும் கூட்டியே பாருங்கள்.

வேகத்துக்குப் பராமரிப்பு ஈடுகொடுக்கிறதா?

காலகர் இதற்கு முன் இணைந்து நிறுவிய வேல்யூஜெட் நிறுவனமும் பழைய விமானங்களை வாங்கி மிக விரைவாக வளர்ந்ததுதான். 1996 மே 11 அன்று அதன் 592ஆம் எண் விமானம் ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் விழுந்து 110 பேரும் இறந்தனர். தவறாகக் கையாளப்பட்ட ஆக்சிஜன் உற்பத்திக் குடுவைகள் சரக்கறையில் தீப்பிடித்ததே காரணம். பராமரிப்பை வெளி ஒப்பந்ததாரர்களிடம் விட்டுவிட்டு, அதை மேற்பார்வையிடும் திறனை வளர்த்துக்கொள்ளாமல் விமானங்களை மட்டும் பெருக்கியதன் விளைவு அது. ஆகவே பழைய விமானங்களால் வளரும் நிறுவனத்தில் பராமரிப்புச் செலவு, இயந்திரக் கோளாறால் ரத்தான பயணங்கள், திட்டமிடாத தரையிறக்கங்கள் ஆகியவற்றைத் தனியாகக் குறித்துவாருங்கள். வாரம் இருமுறை மட்டும் பறக்கும் தடத்தில் ஒரு பயணம் ரத்தானால் அடுத்த விமானம் மூன்று, நான்கு நாள் கழித்துத்தான். எம்டி-80களின் கடைசி ஆண்டுகளில் அலீஜியன்ட் மீது எழுந்த விமர்சனங்களின் கடுமைக்கு இதுவும் ஒரு காரணம்.

மாற்றம் வரும் இடம்

2013 முதல், பிற நிறுவனங்கள் பயன்படுத்திய பழைய ஏர்பஸ் விமானங்களைச் சேர்த்து, 2018 நவம்பரில் எம்டி-80களை முற்றிலும் விடுவித்த அலீஜியன்ட், 2022 ஜனவரியில் 50 போயிங் 737 மேக்ஸ் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. அவை 2024இல் வரத் தொடங்கின. எரிபொருள் மிச்சமாகும் என்பதில் ஐயமில்லை. ஆனால் மேலே போட்ட கணக்கின்படி, தரையில் நிற்கும் நாளின் விலை ஏறிவிட்டது. அதனால் இனிமேல் காலாண்டு அறிக்கைகளில் நான் முதலில் தேடுவது, புதிய விமானங்களை உச்ச நாள்களுக்கு அப்பாலும் பறக்கவைக்கிறார்களா, அப்படியானால் அந்தக் கூடுதல் பயணங்களில் ஓர் இருக்கைக்குக் கிடைக்கும் வரவு எவ்வளவு குறைகிறது என்பதையே. பழைய விமானங்களை உச்ச நாள்களுக்கும், புதியவற்றை அன்றாட ஓட்டத்துக்கும் பிரித்துவைத்தால் இந்த மாற்றம் தாங்கக்கூடியதாகவே இருக்கும் என்பது என் கணிப்பு.

பக்கத் தொழில்களில் போடப்படும் முதலையும் விட்டுவிடாதீர்கள். ஃபுளோரிடாவின் ஷார்லட் ஹார்பரில் அலீஜியன்ட் கட்டிய சன்சீக்கர் விடுதி, இடையில் 2022 செப்டம்பரின் இயன் புயலால் சேதமடைந்து, 2023 டிசம்பரில் திறக்கப்பட்டது. 60 கோடி டாலருக்கு மேல் செலவான அந்த விடுதியை 2025இல் 20 கோடி டாலருக்கு விற்க வேண்டியதாயிற்று. பறக்காத நாளில் செலவில்லாத விமானத்தால் வளர்ந்த நிறுவனம், ஆள் வராத நாளிலும் செலவு வைக்கும் கட்டடத்தில் பணத்தைப் போட்டது வியப்புக்குரியதுதான்.

இம்முறையை வேறொரு நிறுவனத்தில் சோதித்துப் பார்க்க விரும்பினால் பிரிட்டனின் ஜெட்2 நல்ல தேர்வு. 2003 பிப்ரவரியில் லீட்ஸ் பிராட்ஃபர்டிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்குப் பறக்கத் தொடங்கியபோது அதுவும் பழைய போயிங் 737-300களையே வைத்திருந்தது. இருக்கைகளை விரைவில் கழற்றக்கூடிய சில விமானங்கள் பகலில் பயணிகளையும் இரவில் ராயல் மெயிலின் தபாலையும் சுமந்தன. 2007இல் விடுதியோடு சேர்ந்த சுற்றுலாத் தொகுப்புகளை விற்கத் தொடங்கியது. 2021 முதல் அதுவும் புதிய ஏ321நியோ விமானங்களுக்குப் பெருமளவில் ஆர்டர் கொடுத்துவருகிறது. அதன் நிதியாண்டு மார்ச்சில் முடிவதால், கோடையின் லாபம் முழுவதும் முதல் அரையாண்டிலும், குளிர்காலத்தின் நட்டம் இரண்டாம் அரையாண்டிலும் விழும். ஆகவே அரையாண்டு முடிவை மட்டும் வைத்து அதன் வளர்ச்சியை அளக்காமல், இரண்டாம் பாதியின் நட்டம் ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறுகிறது என்பதை வரிசையாக எழுதிவைத்து, அதற்குப் பக்கத்தில் புதிய விமானங்களின் வருகையைக் குறித்துக்கொள்ளுங்கள்.