நச்சுத்தன்மையைக் கணினியில் கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எலியைத் தொடாமல், மூலக்கூறின் அமைப்பை மட்டும் வைத்து நச்சுத்தன்மையைக் கணிக்கும் கியூசார் மாடலை இன்று ஒரு மடிக்கணினியில் ஒரே மதியத்தில் கட்டிவிடலாம். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. புதிதாக வருபவர்களின் முதல் மாடலில், முன்னால் வந்தவர்கள் செய்த பிழைகள் அச்சுப் பிசகாமல் அப்படியே இருக்கின்றன. மூலக்கூறை எழுத்து வரிசையாக எழுதும் ஸ்மைல்ஸ் குறியீட்டில் விடுபட்ட அடைப்புக்குறியை மென்பொருளே பிடித்துவிடும். அதெல்லாம் இங்கே வேண்டாம்.

ஒரே மூலக்கூறு இரண்டு பக்கமும் உட்காருவது

சால்மோனெல்லா பாக்டீரியாவில் மரபணு மாற்றம் உண்டாகிறதா என்று பார்க்கும் ஏம்ஸ் சோதனைத் தரவை எடுத்துக்கொள்வோம். அனிலின் ஒரு வரி, சிஏஎஸ் எண் (வேதிப்பொருளின் பதிவு எண்) 62-53-3. அனிலின் ஹைட்ரோகுளோரைடு இன்னொரு வரி, 142-04-1. எண் வேறு, ஸ்மைல்ஸ் வேறு, ஆனால் வேலை செய்யும் மூலக்கூறு ஒன்றுதான். வரிகளைக் குலுக்கி 80:20 என்று பிரித்தால் ஒன்று பயிற்சிக்கும் மற்றது சோதனைக்கும் போய்விடும். கேள்வித்தாளை முந்தின நாளே கொடுத்துவிட்டுத் தேர்வு வைத்த கதை. மதிப்பெண் அள்ளும், புதுச் சேர்மம் வந்ததும் மாடல் கவிழும். அரை நாள் துப்புரவு வேலையைச் செய்யாமல் நியூரல் நெட்வொர்க்கில் அடுக்குகளைக் கூட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல்தான் வருகிறது.

வரிசை முக்கியம். முதலில் எதிரயனியை, அதாவது உப்பில் கூடவே வரும் ஹைட்ரோகுளோரைடு போன்ற துணையை, நீக்குங்கள். பிறகு மின்னூட்டத்தைச் சமன்செய்யுங்கள். நைட்ரோ தொகுதியையும் டாட்டோமர்களையும் (ஹைட்ரஜன் இடம் மாறிய வடிவங்கள்) ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். அதன் பின்னரே இன்ச்சிகீ (மூலக்கூறின் அமைப்பிலிருந்து உருவாக்கும் சுருக்கச் சாவி) எடுத்து, அதன் முதல் 14 எழுத்துகளை ஒப்பிட்டு இரட்டைகளைக் கண்டுபிடியுங்கள். அந்த 14 எழுத்துகள் முப்பரிமாண அமைப்பைப் பார்ப்பதில்லை. இட வல வடிவங்கள் வெவ்வேறாக வேலை செய்யும் விளைவென்றால் முழுச் சாவியையும் ஒப்பிட வேண்டும்.

எதிரயனியை நீக்க ‘பெரிய துண்டை வைத்துக்கொள்’ என்ற கட்டளையைக் கண்மூடி நம்பாதீர்கள். குடற்புழு மருந்தான பைரன்டெல் பாமோயேட்டில் பைரன்டெலின் மூலக்கூறு நிறை சுமார் 206, பாமோயிக் அமிலத்துக்கு 388. கட்டளை மருந்தைத் தூக்கி எறிந்துவிட்டு அமிலத்தை வைத்துக்கொள்ளும். எதிரயனிகளின் பட்டியலை வைத்து நீக்குவதே சரி.

இரட்டைகளின் முடிவுகள் முரண்பட்டால் சராசரி எடுக்க வேண்டாம். எஸ்9 சேர்த்தார்களா, எந்தப் பாக்டீரிய இனம் என்று மூல அறிக்கையைப் பாருங்கள். தீராவிட்டால் அந்தச் சேர்மத்தையே விட்டுவிடுங்கள். (எஸ்9 வழக்கமாக எலியின் கல்லீரல் சாறு. விலங்கில்லா மாடல் என்று சொல்லும்போது இது நினைவிருக்கட்டும்.)

இதோடு முடியவில்லை. ஒரு மெத்தில் தொகுதி மட்டும் வேறுபடும் உறவினர்கள் இரு பக்கமும் இருந்தால் அதுவும் விடை கசிவதுதான். வளையச் சட்டகத்தின்படி குழு பிரித்து, ஒரு குழு முழுவதும் ஒரே பக்கம் போகும்படி செய்யுங்கள். டிஸ்கிரிப்டர்களின் (மூலக்கூறை விவரிக்கும் எண்கள்) தேர்வும் பயிற்சித் தரவுக்குள்ளேயே நடக்கட்டும். மதிப்பெண் சரியும். சரிந்த அந்த எண்ணைத்தான் அறிக்கையில் எழுத வேண்டும்.

94% துல்லியம்

நூறில் ஆறுதான் நச்சு என்றால், எல்லாவற்றையும் ‘நச்சல்ல’ என்று சொல்லும் மாடலும் 94% வாங்கும். உணர்திறனையும் (நச்சில் எத்தனையைப் பிடித்தது) தனித்தன்மையையும் (நச்சல்லாததில் எத்தனையைச் சரியாகச் சொன்னது) தனித்தனியே கொடுங்கள்.

எல்டி50-ஐ மில்லிகிராமிலேயே விடுவது

எல்டி50 என்பது சோதனை விலங்குகளில் பாதியைக் கொல்லும் அளவு. அதை மோலுக்கு மாற்றி மடக்கை எடுங்கள்.

எல்லைக்கு வெளியே கணிப்பது

கியூசார் மாடல்களுக்கு 2004-இல் ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு) வகுத்த ஐந்து நெறிகளில் மூன்றாவது, மாடல் செல்லுபடியாகும் எல்லையைச் சொல்வது. சிறு கரிமச் சேர்மங்களில் பயின்ற மாடலிடம் உலோகச் சேர்மத்தைக் கொடுத்தாலும் ஏதோ ஒரு எண் வந்து விழும். ஒவ்வொரு கணிப்போடும் பயிற்சித் தரவிலுள்ள ஐந்து நெருங்கிய சேர்மங்களையும் அவற்றின் சோதனை முடிவுகளையும் காட்டுங்கள். அண்டை வீடே இல்லாத சேர்மத்துக்குக் கணிப்பு சொல்லாதீர்கள்.

‘அலர்ட் இல்லை’ என்பதைப் ‘பாதுகாப்பு’ என்று படிப்பது

அலர்ட் என்பது நச்சோடு தொடர்புள்ள மூலக்கூறு அமைப்பைக் கண்டதும் விதி தரும் எச்சரிக்கை. அது வரவில்லை என்றால், அந்த அமைப்புக்கு யாரும் விதி எழுதவில்லை என்றும் பொருள் இருக்கலாம். மருந்து மாசுகளுக்கான பன்னாட்டு வழிகாட்டியான ஐசிஎச் எம்7 இரண்டு மாடல் கேட்பது இதனால்தான்: ஒன்று நிபுணர் விதிகள் சார்ந்தது, மற்றது புள்ளியியல் சார்ந்தது. இரண்டு புள்ளியியல் மாடல்களை ஓட்டிவிட்டு ‘இரண்டு ஆயிற்று’ என்று அனுப்பினால் கோப்பு திரும்பி வரும்.