ராத்திரியில் போலீஸ் கை காட்டினால்: புதிதாக வண்டி ஓட்டுபவர்களுக்குப் படிப்படியாக

பகல் செக்கிங் யாரையும் பெரிதாக பயமுறுத்தாது. முன்னால் நாலு வண்டி, பின்னால் நாலு வண்டி, நடுவில் நாமும் ஒருவர். ராத்திரி பன்னிரண்டரைக்கு, ஆளில்லாத ரோட்டில், பேரிகேடுக்குப் பின்னாலிருந்து ஒரு சிவப்பு லைட் கம்பு நம்மைப் பார்த்து ஆடும்போதுதான் வயிற்றைப் பிசையும். ஒரு தப்பும் செய்யாதவருக்கும் பிசையும்.

லைசென்ஸ் வாங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது என்பவர்களுக்காக, தமிழ்நாட்டுச் சாலைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கார், பைக் இரண்டுக்கும் பொருந்தும். நான் கவனித்தவரை, சிக்கலில் மாட்டுபவர்கள் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். தர வேண்டிய பேப்பரைத் தராமல் வாதம் செய்வார்கள். தரத் தேவையில்லாத பணத்தையும் போனையும் பயந்துபோய் நீட்டிவிடுவார்கள். எதைத் தர வேண்டும், எதை வேண்டாமென்று தன்மையாகச் சொல்லலாம் என்று தெரிந்துகொண்டால் பெரும்பாலான செக்கிங் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

படி 1: கிளம்பும் முன்பே முடிக்க வேண்டிய வேலை

லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ். இந்த நான்கும்தான் கேட்கப்படும். காகிதமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 139-ஆவது விதி 2018-இல் திருத்தப்பட்டதிலிருந்து மின்னணு வடிவமும் செல்லும். டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாகன் செயலியில் உள்ளதைக் காட்டினால் போதும்.

ஆனால் கேலரியில் இருக்கும் ஆர்.சி. போட்டோ வேறு, செயலியில் இருக்கும் ஆர்.சி. வேறு. போட்டோவை ஏற்க வேண்டிய கட்டாயம் போலீஸுக்கு இல்லை. இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. ஈ.சி.ஆரில் சில இடங்களில் நெட்வொர்க் படுத்துவிடும், ஓ.டி.பி. வராது, போனில் சார்ஜ் மூன்று சதவீதம் இருக்கும். அதனால் வீட்டிலேயே செயலிக்குள் நுழைந்து எல்லாம் திறக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். அப்பா பெயரில் உள்ள வண்டி என்றால் அந்த ஆர்.சி. உங்கள் டிஜிலாக்கரில் தானாக வராது. அதற்கு அசல் ஆர்.சி. கார்டை வண்டியிலேயே வைத்துவிடுவது உத்தமம்.

ஹெட்லைட், பின்பக்க சிவப்பு லைட், நம்பர் பிளேட் மூன்றையும் ஒரு சுற்று பாருங்கள். ராத்திரியில் பாதிப் பேரை நிறுத்துவதே எரியாத லைட்டுக்காகத்தான். 'பிரஸ்', 'போலீஸ்', 'அட்வகேட்' ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் தப்பிக்கலாம் என்று நினைத்த காலம் போய்விட்டது. 2024 மே 2 முதல் சென்னையில் அந்த ஸ்டிக்கரே தனி வழக்கு.

படி 2: நிறுத்துவது எப்படி

கை காட்டியதும் பிரேக்கை அழுத்தாதீர்கள். கண்ணாடியில் பின்னால் பாருங்கள். ஜி.எஸ்.டி. ரோடு மாதிரி இடத்தில் உங்கள் பின்னால் வருவது சரக்கேற்றிய லாரியாக இருக்கலாம். இடது இண்டிகேட்டர் போட்டு, வேகத்தைக் குறைத்து, அவர் காட்டும் இடத்தில் ஓரங்கட்டுங்கள். ஹை பீம் போட்டிருந்தால் இறக்கிவிடுங்கள், எதிரே நிற்பவருக்குக் கண் கூசும். கார் என்றால் எஞ்சினை அணைத்து, உள் விளக்கைப் போட்டு, கண்ணாடியை இறக்கி, கைகளை ஸ்டியரிங் மேல் வையுங்கள். பைக் என்றால் அணைத்துவிட்டு ஸ்டாண்ட் போட்டு, ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்குங்கள். சாவியை நீங்களே எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

நிறுத்தாமல் போகலாமா, யூ டர்ன் அடித்துத் திரும்பிவிடலாமா என்ற யோசனை வேண்டவே வேண்டாம். 2018 மார்ச்சில் திருச்சி அருகே துவாக்குடியில் ஹெல்மெட் செக்கிங்கில் நிற்காமல் போன ஒரு பைக்கைத் துரத்திப் போய் இன்ஸ்பெக்டர் ஒருவர் எட்டி உதைத்தார். பின்னால் உட்கார்ந்திருந்த பெண் கீழே விழுந்து இறந்தார். தப்பு உதைத்தவர் மேல்தான், அவர் கைதும் ஆனார். ஆனாலும் துரத்தல் என்று ஒன்று தொடங்கிவிட்டால் அது எங்கே முடியும் என்பது யார் கையிலும் இல்லை.

படி 3: முதல் பேச்சு

"எங்கிருந்து வர்றீங்க தம்பி?"

"பெருங்குடியில ஆபீஸ் சார். ஷிஃப்ட் முடிஞ்சு மேடவாக்கம் போறேன்."

அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் கேட்டால் சொல்லுங்கள். பதற்றத்தில் சிலர் அன்றைய நாளின் முழுக் கதையையும் ஒப்பிப்பார்கள், அதிலிருந்து நாலு கேள்வி புதிதாகக் கிளம்பும். ஆபீஸ் ஐ.டி. கார்டு கழுத்தில் இருந்தால் பாதி சந்தேகம் அதிலேயே தீர்ந்துவிடும்.

"எங்க சித்தப்பா டி.எஸ்.பி." என்ற வசனத்தை மட்டும் எடுக்காதீர்கள். அது உண்மையாகவே இருந்தாலும்! 2024 அக்டோபரில் மெரினா லூப் ரோட்டில் நள்ளிரவில் காரை எடுக்கச் சொன்ன போலீஸாரை ஏசி, பெரிய இடத்துப் பெயரைச் சொல்லி மிரட்டிய ஒரு ஜோடியின் வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. காரை எடுத்திருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும் விஷயம், கைதில் முடிந்தது.

படி 4: பேப்பர்

சீருடையில் இருக்கும் எந்தக் காவலர் கேட்டாலும் லைசென்ஸைக் காட்ட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 130-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. 'நீங்க ஏட்டுதானே, எஸ்.ஐ.யைக் கூப்பிடுங்க' என்பது இங்கே செல்லாது. அதே பிரிவில் உங்களுக்குச் சாதகமான சொல் 'சீருடை'. மஃப்டியில் வந்து கேட்பவரிடம் அடையாள அட்டையைக் காட்டச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

ஆர்.சி.யோ இன்சூரன்ஸோ கையில் இல்லையென்றால் உலகம் முடிந்துவிடவில்லை. சான்றொப்பமிட்ட நகலை 15 நாளுக்குள் காட்ட விதியில் இடமிருக்கிறது. "வீட்ல இருக்கு சார், கொண்டு வந்து காட்டுறேன்" என்று சொல்லுங்கள். லைசென்ஸே வாங்காதவருக்கு இந்தச் சலுகை உதவாது. தமிழ்நாட்டில் அதற்கு அபராதம் 5,000 ரூபாய். வண்டியைப் பிடித்து வைக்கவும் 207-ஆவது பிரிவு அதிகாரம் தருகிறது. ஓட்டியவர் 18 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோருக்கே மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம் என்று சட்டம் இருக்கிறது. தம்பி கையில் சாவியைக் கொடுக்கும் அண்ணன்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கவும்.

படி 5: ஊதச் சொன்னால்

இதுதான் ராத்திரி செக்கிங்கின் மையம், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடலாம்.

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். இது 185-ஆவது பிரிவு. முதல் முறை ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அடுத்த முறை இரண்டு வருடம் வரை சிறை, அபராதம் 15,000. 'ஒரு பீர்தானே', 'ஒரு கட்டிங்தானே' என்று கணக்குப் போடாதீர்கள். உடல் எடை, சாப்பாடு, குடித்த வேகம் எல்லாவற்றையும் பொறுத்து அந்தக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். குடித்தால் ஆட்டோ, கேப். அதில் பேச ஒன்றுமில்லை.

குடிக்காதவர் செய்ய வேண்டியது: மறுக்காமல் ஊதுவது. சந்தேகப்பட நியாயமான காரணம் இருந்து, நீங்கள் ஊத மறுத்தால் வாரண்ட் இல்லாமல் கைது செய்ய 203-ஆவது பிரிவு அனுமதிக்கிறது. மறுத்தது பிறகு கோர்ட்டில் உங்களுக்கு எதிராகவும் நிற்கும். ஊதும் முன் மூன்று விஷயம் கேட்கலாம். முதலாவது, "புது ஸ்ட்ரா மாத்திக் கொடுங்க சார்." இரண்டாவது, கருவி பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்ப்பது. மூன்றாவது, சற்று முன்தான் மவுத்வாஷ் கொப்பளித்தீர்கள் அல்லது இருமல் மருந்து குடித்தீர்கள் என்றால் அதை முதலிலேயே சொல்லி, பதினைந்து நிமிடம் கழித்து ஊத வைக்கக் கேட்பது. வாயில் தங்கும் ஆல்கஹால் அந்த நேரத்துக்குள் போய்விடும், ரத்தத்தில் இருப்பது போகாது. அதனால்தான் இரண்டாவது முறை ஊதுவதில் உண்மை தெரியும்.

காட்டிய எண் தப்பு என்று உறுதியாக நம்பினால், கத்தாமல், "ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லுங்கள். கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் பதிவு பெற்ற மருத்துவரிடம் பரிசோதனை நடந்திருக்க வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும் என்று 202-ஆவது பிரிவு சொல்கிறது. கருவியில் வரும் அச்சுச் சீட்டில் நேரமும் எண்ணும் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டால் அதற்கான ரசீதைக் கேட்டு வாங்குங்கள். வண்டி பெரும்பாலும் ஸ்டேஷனுக்குத்தான் போகும். குடிக்காத, லைசென்ஸ் உள்ள ஒருவரை வரச்சொன்னால் அவரிடம் ஒப்படைப்பார்களா என்று கேட்டுப் பார்க்கலாம்.

குடிபோதை வழக்கில் அங்கேயே பணம் கட்டி முடிக்க முடியாது, அது கோர்ட் விவகாரம். 'இங்கேயே முடிச்சிடலாம்' என்று யாராவது சொன்னால் அது அபராதம் இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

படி 6: சாவி, டிக்கி, போன், முகம்

சாவியைப் பிடுங்கும் அதிகாரம் மோட்டார் வாகனச் சட்டத்தில் எங்கும் இல்லை. ஆனாலும் பிடுங்குவார்கள். அதனால்தான் முன்பே கையில் எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

டிக்கியைத் திறக்கச் சொன்னால் திறந்து காட்டிவிடுவது என் கட்சி. மதுவிலக்குச் சட்டம், போதைப்பொருள் சட்டம் என்று தேட வேறு சட்டங்கள் இருக்கின்றன. புதுச்சேரியிலிருந்து வரும் வழியில், கோட்டக்குப்பம் பக்கம், பாட்டில் தேடாமல் விடமாட்டார்கள். தேர்தல் நேரத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் இருந்தால் அதற்கான ஆவணமும் கூடவே இருக்க வேண்டும். பையை அவர்கள் தனியாகத் துழாவ விடாமல், பக்கத்தில் நின்று பாருங்கள்.

போன் அப்படியல்ல. டிஜிலாக்கரைக் காட்ட போனை உங்கள் கையிலேயே பிடித்துத் திருப்பிக் காட்டுங்கள். வாட்ஸ்அப்பைத் திறக்கச் சொன்னால், "எதுக்கு சார், எந்த கேஸ்ல?" என்று கேட்கலாம். சாதாரண வாகனச் சோதனையில் உங்கள் போனை மேய யாருக்கும் உரிமை இல்லை.

சில நேரம் உங்கள் முகத்தைப் போட்டோ எடுப்பார்கள். குற்றவாளிகள் பட்டியலோடு முகத்தை ஒப்பிடும் செயலி அது, தமிழ்நாடு காவல்துறை சில ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறது. அது சரியா என்பது பெரிய விவாதம், எனக்கும் அதில் உடன்பாடில்லை. ஆனால் அதை நடத்த ராத்திரி ஒரு மணியும் வேளச்சேரி மேம்பாலமும் தோதான இடமில்லை.

படி 7: அபராதம்

2022 அக்டோபர் முதல் தமிழ்நாட்டில் கூட்டப்பட்ட தொகைதான் நடைமுறையில் இருக்கிறது. ஹெல்மெட் இல்லை என்றால் 1,000, சீட் பெல்ட் இல்லை என்றால் 1,000, இன்சூரன்ஸ் இல்லை என்றால் முதல் முறை 2,000. இ-சலான் போடுவார்கள், போனுக்குக் குறுஞ்செய்தி வரும். அங்கேயே கட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. "சலான் போட்டுடுங்க சார், ஆன்லைன்ல கட்டிடுறேன்" என்ற ஒரு வரி பல பேரங்களை முளையிலேயே கிள்ளிவிடும்.

லஞ்சம் வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் குற்றம். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுத்தவருக்கும் ஏழு வருடம் வரை சிறை உண்டு. கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால் ஏழு நாளுக்குள் புகார் கொடுத்தால் நீங்கள் குற்றவாளி ஆகமாட்டீர்கள்.

படி 8: நிறுத்துபவர் மேல் சந்தேகம் வந்தால், தனியாக வரும் பெண்கள் என்றால்

உண்மையான செக்கிங் என்றால் பேரிகேட் இருக்கும், ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் இருக்கும், பக்கத்தில் ரோந்து வண்டி நிற்கும். காக்கி பேண்ட் போட்ட ஒருவர் மட்டும் இருட்டில் டார்ச் அடித்தால் கதவைப் பூட்டியே வையுங்கள், கண்ணாடியை இரண்டு விரல் அளவு மட்டும் இறக்குங்கள், 112-ஐ அழைத்து இந்த இடத்தில் செக்கிங் நடக்கிறதா என்று கேளுங்கள். சந்தேகம் வலுவாக இருந்தால் நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, மெதுவாக, அடுத்த பெட்ரோல் பங்க் வெளிச்சத்தில் போய் நிறுத்தலாம். மெதுவாகப் போவதுதான் முக்கியம். நீங்கள் ஓடவில்லை என்பது அதில் தெரியும்.

சூரியன் மறைந்த பிறகு பெண்களைக் கைது செய்யக்கூடாது, விதிவிலக்கான சூழலில் மட்டும் பெண் அதிகாரி மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி பெற்றுச் செய்யலாம் என்று சட்டம் இருக்கிறது. இது கட்டாய விதி அல்ல, வழிகாட்டும் விதிதான் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2025 பிப்ரவரியில் சொன்னது. ஆனால் மீறினால் அதிகாரி காரணம் சொல்லியாக வேண்டும். "லேடி போலீஸ் வரட்டும், அதுவரைக்கும் கார்லயே இருக்கேன்" என்று சொல்லி, வீட்டுக்கு லொகேஷனை அனுப்பிவிடுங்கள். வண்டி ரிப்பேராகி நின்றாலும் 1091 அல்லது 112-ஐ அழைக்கலாம். ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை பெண்களை வீடு வரை கொண்டுவிடும் ரோந்து வண்டி ஏற்பாடு இருக்கிறது.

படி 9: "சரி, போங்க" என்ற பிறகு

லைசென்ஸ், ஆர்.சி. திரும்ப வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு எஞ்சினைப் போடுங்கள். வலது இண்டிகேட்டர், பின்னால் ஒரு பார்வை, பிறகு ரோட்டில் ஏறுங்கள். பதற்றத்தில் ஹெட்லைட் போட மறந்து கிளம்பி, அடுத்த பேரிகேடில் அதற்கே மாட்டுபவர்கள் உண்டு.

சில நாள் கழித்து பரிவாகன் இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். ராத்திரி வெளிச்சத்தில் 8-ஐ 3 என்று அடித்து, யாரோ ஒருவரின் சலான் உங்கள் பெயரில் விழ வாய்ப்பிருக்கிறது. அப்படி இருந்தால் கட்டிவிடாதீர்கள். அந்தத் தளத்திலேயே புகார் பதிவு செய்ய இடம் இருக்கிறது. சலான் எண்ணோடு உங்கள் வண்டியின் நம்பர் பிளேட் போட்டோவையும் சேர்த்து ஏற்றிவிடுங்கள்.