வீடு மாறும்போது அலமாரியை உடையாமல் பிரிப்பது எப்படி

போன மாதம் சிங்கப்பூரில் ஈசூனிலிருந்து செங்காங்குக்கு வீடு மாறினோம். மூன்று கதவு அலமாரியைப் பிரித்துக் கொண்டுபோய், பழையபடி நிற்க வைத்துவிட்டேன். ஆறு வருடத்துக்கு முன் மாறியபோது, அம்மா வாங்கித் தந்த அலமாரியின் பக்கப் பலகை என் கையிலேயே பிய்ந்துபோனது. அந்த வருத்தத்தில்தான் இந்த முறை நிதானமாகக் கற்றுக்கொண்டு செய்தேன்.

முதலில் அளவு நாடாவை எடுங்கள். மின்தூக்கிக் கதவின் அகலம், உள்ளே ஆழம், வாசல் இரும்புக் கதவைத் திறந்தபின் மிஞ்சும் இடைவெளி. முழுசாக நுழைவதைப் பிரிக்கவே வேண்டாம். மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் திருகைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் துளை கொஞ்சம் தளரும்.

கருவிகள் அதிகம் தேவையில்லை. 4, 5 மி.மீ. ஆலன் கீ (ஆறுமுனைச் சாவி), ரப்பர் சுத்தியல், தட்டையான திருப்புளி, போசிடிரைவ் 2 திருப்புளி. கடைசியாகச் சொன்னது முக்கியம். திருகின் தலையில் கூட்டல் குறியின் கைகளுக்கு இடையே நான்கு சின்னக் கோடுகள் தெரிந்தால் அது போசிடிரைவ். சாதாரண ஸ்டார் திருப்புளி அதில் வழுக்கித் தலையைத் தேய்த்துவிடும். மின்சார டிரில்லை நான் பிரிக்கும்போது தொடுவதே இல்லை. திருகு தளர்வதைக் கை உணர வேண்டும்.

படி 1: கதவுகள். எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பல கீல்களின் பின்புறம் ஒரு சின்ன நாக்கு இருக்கும். அதை அழுத்தினால் கதவு கழன்றுவிடும், திருகைத் தொட வேண்டாம். கதவுக்கு எண் போட மாஸ்கிங் டேப் நல்லது. பார்சல் டேப் ஒட்டினால் பசை பலகையிலேயே தங்கிவிடும்.

படி 2: படுக்க வைப்பது. நான் தவறிய இடம் இதுதான். அலமாரி நிற்கும்போதே பின்பலகையைக் கழற்றினேன். மெல்லிசாக, சின்ன ஆணிகளில் நிற்கும் அந்தப் பலகைதான் முழுச் சட்டத்தையும் கோணாமல் பிடித்திருக்கிறது. அது போனதும் சட்டம் ஒருபக்கம் சாய்ந்து, பலகைகளை இணைக்கும் பூட்டுகள் பக்கப் பலகையைக் கிழித்துவிட்டன.

ஆகவே சுவரில் மாட்டிய கொக்கியைக் கழற்றியதும், தரையில் பழைய போர்வை விரித்து, இரண்டு பேராக முகம் கீழே இருக்கும்படி படுக்க வையுங்கள். 236 செ.மீ. உயரமும் 60 செ.மீ. ஆழமும் உள்ள அலமாரி சாயும்போது மூலைக்கு மூலை சுமார் 244 செ.மீ. ஆகும். கூரையை அளந்துவிட்டு, மின்விசிறியையும் நிறுத்திவிட்டுச் சாயுங்கள். அப்புறம்தான் பின்பலகை.

படி 3: கேம் லாக். பலகைக்குள் பதிந்த வட்டப் பூட்டு. அதன் அம்புக்குறி, ஆணி நுழையும் ஓரத்தைப் பார்க்கும்வரை இடப்பக்கமாகத் திருப்புங்கள், பெரும்பாலும் அரைச் சுற்று போதும். பலகை வரவில்லையென்றால் இழுக்காதீர்கள். ஏதோ ஒரு பூட்டு இன்னும் திறக்கவில்லை. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ரப்பர் சுத்தியலால் ஓரத்தில் மெல்லத் தட்டுங்கள்.

திருகுகளை அந்தந்தப் பலகையின் பெயர் எழுதிய ஜிப் பைகளில் போடுங்கள். தளர்ந்த துளைக்குள் மரப்பசை தடவிய பல்குச்சிகளைத் திணித்து, ஒருநாள் காயவிட்டால் திருகு மறுபடி பிடிக்கும்.

பலகைகளை அறைக்குள்ளேயே சாய்த்து வையுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் தாழ்வாரத்தில் ஆள் தப்பிச்செல்ல 1.2 மீட்டர் வழி எப்போதும் இருக்க வேண்டும். வேண்டாத பொருளை அங்கே விட்டுப் போகாமல், நகர மன்றத்திடம் சொல்லி எடுத்துப்போகச் செய்யுங்கள்.

பின்சேர்க்கை: அடியில் சாமான் வைக்கும் கட்டிலைப் பற்றிச் சிலர் கேட்டிருந்தார்கள். அதன் இருபுறமும் உள்ள வாயுத் தண்டுகள் மிகுந்த விசையோடு தள்ளும். மெத்தையை எடுத்ததும் மேற்பலகை சட்டென்று எழும்பலாம், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பலகை முழுதாகத் திறந்து தண்டுகள் நீண்டு நிற்கும்போது, ஒருவர் பலகையைத் தாங்க, மற்றவர் தண்டுகளைக் கழற்ற வேண்டும். பாதி மூடிய நிலையில் அவற்றைத் தொடவே கூடாது.