பழைய சுண்ணாம்புக் கட்டடத்தில் கை வைக்கும் முன்

நாகர்கோவில், தக்கலை பக்கம் திருவிதாங்கூர் காலத்து வீடுகளையும் மிஷன் பங்களாக்களையும் பழுதுபார்ப்பதுதான் என் பிழைப்பு. யார் கூப்பிட்டாலும் நான் கேட்கும் முதல் கேள்வி: சிமெண்ட் மூட்டை இறக்கியாச்சா? இறக்கியிருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

முதலில் வயதைக் கண்டுபிடியுங்கள். பழைய பத்திரத்திலும் உத்திரத்திலும் கொல்லம் ஆண்டுதான், அதாவது மலையாள ஆண்டுதான் இருக்கும். அதோடு 824 அல்லது 825-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். 1068 என்றிருந்தால் 1892-93. நம்ம நாகர்கோவில் மணிக்கூண்டின் வயது.

அப்புறம் சுவர். இடுப்பளவுக்குப் பெயிண்ட் உரிந்து வெள்ளையாக உப்பு பூத்திருந்தால், பெரும்பாலும் மேலே யாரோ சிமெண்ட் பூசியிருப்பார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுக்கும், வெயிலில் விட்டுவிடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடுகிறது. அந்தப் பூச்சை உளியால் கையாலேயே கொத்தி எடுக்க வேண்டும். மெஷின் வைத்தால் உள்ளிருக்கும் செங்கல்லும் சேர்ந்து வரும். சுவரை ஒரு கோடை முழுக்கக் காய விடுங்கள். வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவது இந்த இடத்தில்தான்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று வெளியே போய்ப் பாருங்கள். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் ரோடு உயர்ந்து, நாலு படி ஏறிப் போன திண்ணை இப்போது ரோட்டு மட்டத்துக்கு வந்திருக்கும். சுவரை ஒட்டி ஓடை வெட்டி மழைத்தண்ணீரைத் திருப்பாமல் எத்தனை பூச்சு பூசினாலும் வீண்.

பூச்சுக்கு நீற்றிப் புளிக்க வைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டியும் சேர்ப்பது நம் கொத்தனார்களின் பழைய கைப்பக்குவம். மெல்லிசாகப் பூசி, ஒரு கை இறுகிய பிறகே அடுத்த கை. ஜனவரியில் தொடங்கி இடவப்பாதி மழைக்கு (ஜூன் வாக்கில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை) முன் முடித்துவிடுங்கள். மேலே வெள்ளையடித்தால் போதும், பிளாஸ்டிக் பெயிண்ட் வேண்டாம்.

கூரை ஓடுகளை இறக்கும்போது ஒவ்வொன்றையும் தட்டிப் பாருங்கள். கணீர் என்றால் நல்லது, மொக்கையாகக் கேட்டால் விரிசல். ஒரு கம்பெனி ஓடு இன்னொன்றோடு பொருந்தாது. ஒரு சரிவில் ஒரே முத்திரைதான். கழுக்கோல் (ஓட்டைத் தாங்கும் சரிவு மரம்) உளுத்திருந்தால் நுனியை மட்டும் வெட்டி ஒட்டுப் போடலாம்.

புதுப் பயன்பாடு? தாராளமாக. ஒரு காலத்தில் பீரங்கி வார்த்த, தக்கலை பக்கத்து உதயகிரிக் கோட்டைக்குள் இன்று வனத்துறைப் பூங்கா. திருவிதாங்கூர் படைத்தளபதியாக இருந்த டச்சுக்காரர் டிலனாயின் கல்லறையும் அங்கேயே இருக்கிறது. முகப்பில் திருவிதாங்கூர் அரசின் சங்கு முத்திரை இருந்தால், 1956-லேயே திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு வந்துவிட்டோமே என்று கொத்தி எடுக்கச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. முத்திரை இருக்கட்டும், பக்கத்தில் கட்டியது யார், கல் சுமந்தது யார் என்று ஒரு பலகை வையுங்கள். கடைக்கு வாடகைக்கு விடுவதானால், சுவரில் டிரில் போடக் கூடாது, போர்டை வராந்தா மரத்தூணில்தான் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.