அடுத்தவங்க எழுதின புரோகிராம் கோடை எங்கேர்ந்து படிக்கிறது? ஜேக்குவெரிய வச்சு ஒரு செய்முறை

மன்னார்குடில ஒரு விதைநெல் கடை வெப்சைட்டு, குறுவை சம்பான்னு ரகப் பட்டியல், மூடுற பட்டனை அமுக்கினா முன்னாடி மெதுவா சுருங்குமாம், இப்ப டக்குனு காணாம போவுதாம், பாத்துக் குடு தம்பின்னாங்க. முழுக்க ஜேக்குவெரி, அதாவது வெப்சைட்டுக்கான ரெடிமேட் ஜாவாஸ்கிரிப்ட் கோடு, 2006-ல ஜான் ரெசிக் விட்டது, நான் தொட்டதே இல்ல. சுருக்காத ஃபைலே 10,000 வரிக்கு மேல, முதல் வரிலேர்ந்து படிக்க உக்காந்து ரெண்டாவது டீக்குள்ள கண்ணக் கட்டிருச்சு.

அப்படிப் படிக்காதீங்க. வயலுக்குத் தண்ணி வரலன்னா யாரும் நேரா கல்லணைக்கு பஸ் ஏற மாட்டோம், மடைலேர்ந்து வாய்க்கால், வாய்க்கால்லேர்ந்து மதகுன்னு மேல போய்தான் பாப்போம்.

முதல்ல மடை, அதாவது அந்த பட்டன். குரோம்ல எஃப்12 அமுக்கி பட்டனை செலக்ட் பண்ணி ஈவன்ட் லிசனர்ஸ் டேபை பாருங்க, அமுக்கினா எந்த கோடு ஓடும்னு அதுல தெரியும். இங்கதான் பல பேர் மாட்டுவாங்க, ஏன்னா சில சமயம் அது கடைக்காரரோட கோடைக் காட்டாம ஜேக்குவெரிக்குள்ள இருக்குற பொது வாசலைக் காட்டும். ஃபிரேம்வொர்க் லிசனர்ஸ்னு ஒரு டிக் இருக்கு, அது எடுத்திருந்தாதான் இப்படி, போட்டா நெஜ ஃபங்ஷன் வரும். எனக்கு வந்தது ஒரே வரி: பட்டியலை "ஸ்லோ"ன்னு சொல்லி ஹைட் பண்ணு.

அடுத்து அந்த ஹைட். $ன்னா மந்திரம் ஒண்ணும் இல்ல, ஜேக்குவெரிங்கற ஃபங்ஷனுக்கு இன்னொரு பேரு, அவ்வளவுதான். நம்ம கூப்பிடுற ஹைட், ஷோ எல்லாம் $.எஃப்என்-ல தொங்குது. அதே எஃப்12 ஜன்னல்ல இருக்குற கன்சோல் டேப்ல $.எஃப்என்.ஹைட்னு (டைப் பண்றப்ப இங்கிலீஷ் சின்ன எழுத்து, பின்னாடி பிராக்கெட் போடாதீங்க, போட்டா ஓடிரும்) அடிச்சா அந்த ஃபங்ஷனோட கோடே வந்து விழும். ஜேக்குவெரி ஃபைல் பேர்ல "மின்"னு (min) இருந்தா அது சுருக்கின ஃபைல், உள்ள பேரெல்லாம் ஒத்தை எழுத்தா இருக்கும், அதே வெர்ஷனோட சுருக்காத ஃபைலை மாத்திப் போட்டுட்டுப் பாருங்க.

முழு ஜேக்குவெரி 3-ல அந்த ஹைட், ஸ்பீடு குடுத்திருக்கான்னு பாக்கும், குடுத்திருந்தா அனிமேட்டுக்கு அனுப்பும், இல்லன்னா சும்மா மறைக்கும். எனக்கு வந்ததுல ஸ்பீடுங்கற பேச்சே இல்ல, நேரா மறைக்கிற ஒத்தை வரிதான். அப்புறம்தான் பக்கத்துல ஜேக்குவெரியை ஏத்துற ஸ்கிரிப்ட் வரியைப் பாத்தேன், ஃபைல் பேர்ல "ஸ்லிம்"னு இருக்கு. ஸ்லிம்ங்கறது ஜேக்குவெரியோட குறைச்ச பதிப்பு, அதுல அனிமேஷனும் அஜாக்ஸும் (பக்கத்தை மறுபடி ஏத்தாம சர்வர்லேர்ந்து தகவல் எடுக்குறது) கிடையாது, அதனால "ஸ்லோ"ன்னு சொன்னாலும் அது காதுல வாங்காது, எர்ரரும் காட்டாது.

அந்த ஒரு வரில முழு ஃபைலை மாத்தினேன், ஏடிடி 45லேர்ந்து கடைசி ரகம் வரைக்கும் நிதானமா சுருங்குச்சு.